எலிகளுக்கு வைத்த மஞ்சள் பொட்டு

1. லீவு நாளில் வந்த வினை

ஆயுத பூஜை அன்று காலேஜுக்கு லீவு. ஆராய்ச்சியில் இருக்கிற எலிகளுக்கு லீவு கிடையாது, அதனால் எனக்கும் கிடையாது. காலையில் அனிமல் ஹவுஸ் கதவைத் திறந்து லைட்டைப் போட்டேன். முதல் கூண்டில் நான்கு எலிகள் மூக்கை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. நான்குக்கும் தலை மஞ்சளாக இருந்தது. அடுத்த கூண்டிலும் அப்படியே. ஆறு கூண்டையும் பார்த்து முடித்துவிட்டு, "என் யேசுவே" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் லூர்து. தூத்துக்குடியில் ஒரு ஃபார்மசி கல்லூரியில், மருந்தியல் துறையில் டெக்னீஷியனாக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். எலித் தலை மஞ்சளானதற்கு ஒருத்தி ஸ்டூலில் உட்காருவாளா என்று நீங்கள் கேட்பீர்கள். உட்காருவாள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வருஷம் ருகையா என்ற எம்.ஃபார்ம் மாணவி எங்கள் துறையில் தீசிஸ் செய்துகொண்டிருந்தாள். காயல்பட்டினத்துப் பெண். மாப்பிள்ளை துபாயில். இரண்டு வயதுப் பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் வருவாள். தீசிஸ் முடிந்தால் பிள்ளையோடு துபாய் போகலாம், முடியாவிட்டால் இன்னொரு வருஷம் இதே பஸ். எலி கேட்டு எத்திக்ஸ் கமிட்டியிடம் அனுமதி வாங்குவது அவ்வளவு லேசு இல்லை. வாங்கிய எலிகள் வீணாய்ப் போனால் மறுபடி மனுப் போட்டு, மறுபடி காத்திருந்து, எல்லாம் முதலில் இருந்து.

அவளுடைய தலைப்பு, நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் கால்சியம் சேனல் பிளாக்கர் மருந்துகளை ஒப்பிடுவது. ஆஞ்சைனா என்று டாக்டர்கள் சொல்கிற வலி அது. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய்கள் இறுகுவதால் வருவது. இந்த மருந்துகள் குழாயைத் தளர்த்தும். வெராபமில், டில்டியாசெம், நிஃபெடிபின் என்று மூன்றை எடுத்திருந்தாள். முதல் இரண்டும் இதயத் துடிப்பையும் மெதுவாக்கும். மூன்றாவது குழாயைத் தளர்த்துவதோடு சரி, துடிப்பு சில நேரம் கூடவும் செய்யும். சில வாரம் தினமும் வாய் வழியாக மருந்து கொடுத்து, கடைசி நாள் எலியை மயக்கி, குழாயை இறுக்கும் ஊசி ஒன்றைப் போட்டு, ஈசிஜி எடுப்போம். எந்த மருந்து குடித்த எலிக்கு ஈசிஜியில் கோடு குறைவாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

மருந்து எது என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும் என்று ப்ரொஃபசர் நான்கு குப்பிகளில் ஏ, பி, சி, டி என்று மட்டும் ஒட்டி வைத்திருந்தார். அதில் ஒன்று மருந்தே இல்லாத வெறும் கரைசல். ஒவ்வொரு கூண்டிலும் நான்கு எலி, ஆளுக்கு ஒரு குப்பி.

நான்கும் வெள்ளை எலி. அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அடையாளம் தெரிய பிக்ரிக் ஆசிட் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டு வைப்போம். தலையில் மஞ்சள் இருந்தால் ஏ. முதுகில் இருந்தால் பி. வாலில் இருந்தால் சி. ஒன்றும் இல்லாதது டி. இவ்வளவுதான் எங்கள் ஆதார் கார்டு.

இப்போது எல்லோருக்கும் தலையில் மஞ்சள். பி-யும் சி-யும் பிழைத்துவிட்டன, முதுகும் வாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஏ எது, டி எது என்று மட்டும் தெரியவில்லை. அன்றைய மருந்தைக் கொடுக்க வேண்டிய நேரம் வேறு வந்துகொண்டிருந்தது.

2. இசக்கியின் நியாயம்

அனிமல் ஹவுஸ் அட்டெண்டர் இசக்கி. வேம்பார்க்காரன். எலிகளைப் 'பிள்ளைய' என்றுதான் சொல்லுவான். நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் தீவன வாளியோடு உள்ளே வந்தான், புதுச் சட்டை போட்டு, நெற்றியில் பட்டை அடித்துக்கொண்டு.

"ஏலே இசக்கி, இது என்னலே?" என்று கேட்டேன்.

"பொட்டுக்கா" என்றான். என் தலையில் இருப்பதை முடி என்று சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

எங்கள் லேப் பூஜை லீவுக்கு முதல் நாள் சாயந்தரம் நடக்கும். அந்த வருஷம் பூஜைக்குப் பணம் வசூலித்துப் பொரி, சுண்டல், பழம் வாங்கி வந்தது ருகையா. மெஷின்களைத் துடைத்து வைத்தது நான். சூடம் காட்டியது ப்ரொஃபசர். பொட்டு வைப்பது எப்போதும் இசக்கி. வருஷா வருஷம் அப்படித்தான். ஈசிஜி மெஷினுக்கும் தராசுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அவன் வைத்ததைப் பார்த்தோம். நாங்கள் பொரியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, மிச்சக் கிண்ணத்தோடு அவன் அனிமல் ஹவுஸுக்குள் போனதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டான்.

"மெஷினுக்கு வச்சோம், தராசுக்கு வச்சோம். இங்கன நெசமா வேல பாக்கிறது இந்தப் பிள்ளையதானக்கா. அதுவள விட்டுட்டு ஃப்ரிட்ஜுக்கு வச்சா நல்லாவா இருக்கும்?"

குங்குமம் வைக்கக் கூடாதா, அது சிவப்பாகவாவது இருந்திருக்குமே என்று கேட்டேன். குங்குமத்தில் என்னவெல்லாம் கலக்கிறார்களோ, பிள்ளைகள் கண்ணில் பட்டால் என்ன ஆவது, மஞ்சள் என்றால் கிருமிநாசினி என்றான். அவ்வளவு அக்கறை. அந்த அக்கறையில்தான் நாங்கள் நாசமாய்ப் போனோம்.

ராத்திரி முழுக்க எலிகள் ஒன்றையொன்று நக்கியும் உரசியும், பொட்டு பொட்டாக இல்லை. தலை முழுக்க ஒரே மஞ்சள். எது சாயம், எது மஞ்சள் என்று கண்ணால் சொல்ல முடியாது. எடை போட்டுப் பார்த்தேன். ஒரே தீவனம் தின்று ஒரே மாதிரி வளர்ந்தவை, எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"நீங்க எதுக்கு மலைக்கிய? எனக்கு மூஞ்சி தெரியும்லா" என்றான் இசக்கி.

சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு கூண்டில் இருந்து சந்தேகத்துக்குரிய இரண்டையும் எடுத்து மேசையில் விட்டேன். இது தலை, அது குறியில்லாதது என்று சட்டென்று சொன்னான். அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, எலிகளை இடம் மாற்றி வைத்து மறுபடி காட்டினேன். இப்போதும் இடது பக்கம் இருந்ததையே தலை என்றான். மாற்றி வைத்ததைச் சொன்னதும், லைட் சரியில்லை என்று டியூப் லைட்டைப் பார்த்தான்.

3. ருகையாவின் யோசனை

ருகையா வந்தாள். பார்த்தாள். கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அவனைத் திட்டுவதா அவளைத் தேற்றுவதா என்று தெரியாமல் டீ வாங்கி வரச் சொன்னேன். இசக்கியிடம்தான் சொன்னேன். அவன் அங்கே நின்றால் நான் இன்னும் பேசிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ப்ரொஃபசருக்குப் போன் போட்டேன். அவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். லீவு நாளில் வீட்டுப் புத்தகங்களைப் பூஜையில் அடுக்கிக்கொண்டிருந்தவர், வேட்டியோடு பைக்கில் கிளம்பி வந்துவிட்டார். சந்தேகம் இல்லாத பி, சி எலிகளுக்கு முதலில் மருந்தைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். மீதிப் பன்னிரண்டும் மஞ்சள் தலையோடு காத்திருந்தன.

அப்போது ருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகமே மாறிவிட்டது. வாராவாரம் எலியின் வாலில் கஃப் என்ற சின்னப் பட்டையைக் கட்டி இதயத் துடிப்பு எடுக்கிறோம் அல்லவா, அதைச் சொன்னாள். ஏ குப்பி குடிக்கிற எலிகளுக்கு எல்லா வாரமும் துடிப்பு குறைவாகத்தான் வந்திருக்கிறது. டி-க்கு அப்படி இல்லை. இப்போதே கஃப் கட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டில் எது மெதுவாக அடிக்கிறதோ அது ஏ. முடிந்தது வேலை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று நினைத்தேன். கஃப் மெஷினைக்கூட ஆன் பண்ணிவிட்டேன். அவளும் மளமளவென்று இரண்டு கூண்டுக்குக் கட்டிப் பார்த்துவிட்டாள். இரண்டாவது கூண்டில் சந்தேகமே வேண்டாம், ஒன்றுக்குத் துடிப்பு அவ்வளவு நிதானம். அதுதான் ஏ என்று சொல்லி, அதன் காதில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

ப்ரொஃபசர் மெஷினை ஆஃப் பண்ணினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் படவில்லை.

"ஏம்மா, மெதுவா அடிக்கிறதெல்லாம் ஏ-ன்னு நீயே பிரிச்சு வச்சுட்டு, கடைசியில ஏ மருந்து துடிப்பைக் குறைக்குதுன்னு எழுதுவ. கேள்வியும் நீ, பதிலும் நீன்னா, நடுவுல எலி எதுக்கும்மா?"

ருகையா எலியின் வாலில் இருந்து கஃபைக் கழற்றினாள். யாருக்குத் தெரியப் போகிறது சார் என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. வீட்டில் பிள்ளை, துபாயில் மாப்பிள்ளை, கையில் நாள் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஏ-யையும் டி-யையும் பிரிக்க முடியாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கமிட்டிக்கு எழுதலாம், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் ப்ரொஃபசர்.

டீயோடு வாசலில் நின்ற இசக்கி இதைக் கேட்டுவிட்டான். நிறுத்திவிட்டால் பிள்ளைகள் இத்தனை வாரம் ட்யூபில் மருந்து குடித்ததெல்லாம் சும்மாவா என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன். டீ கிளாஸ்களை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அப்போதுதான் எனக்கு அவன்மேல் இருந்த கோபம் போனது.

4. சிவந்த கோட்டு

எலிகளைப் பிடித்துப் பிடித்து ருகையாவின் வெள்ளைக் கோட்டு முழுக்க மஞ்சள். அழுதுகொண்டே சிங்க்கில் கோட்டுக் கையைப் போட்டு, சலவை சோப்பால் தேய்த்தாள். திடீரென்று "லூர்தக்கா, ரத்தம்" என்று கையை உதறினாள். எலி கடித்துவிட்டதோ என்று ஓடினேன். ரத்தம் இல்லை. மஞ்சள் கறை சோப்புப் பட்டுச் சிவந்திருந்தது.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தித் தட்டு பார்த்த எல்லோருக்கும் தெரியும். சோப்புக்கும் அதே குணம். மூன்று பேரும் அந்தக் கோட்டுக் கையையே பார்த்தோம். முதலில் பேசியது ருகையாதான்.

"சார், பிக்ரிக் ஆசிட் சிவக்காதுல்லா?"

ப்ரொஃபசர் சிரித்துவிட்டார். அந்தக் காலையில் முதல் சிரிப்பு. ஆனால் எலியிடம் போகவிடவில்லை, முதலில் துணியில் பார் என்றார். முடி மாதிரி இருக்கட்டும் என்று வெள்ளைக் கம்பளித் துணியில் ஒரு பக்கம் பிக்ரிக் ஆசிட், ஒரு பக்கம் இசக்கியின் கிண்ணத்து மஞ்சள். காய வைத்துச் சோப்புத் தண்ணீர் தொட்டோம். மஞ்சள் சிவந்து, ஈரப் பஞ்சால் துடைக்கத் துடைக்கப் போய்விட்டது. பிக்ரிக் மஞ்சளாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் எலி குளிப்பாட்டு வைபவம். கண்ணில் படாமல் பஞ்சால் தொட்டு, துடைத்து, உலர்த்தி, ஒவ்வொன்றாக. பிடித்துக்கொண்டது இசக்கி. அவன் கையில் மட்டும்தான் எலிகள் திமிறாது. முகம் தெரியும் என்று சொன்ன விஷயத்தை நான் அந்த நேரத்தில் நாலைந்து தடவை ஞாபகப்படுத்தினேன், அவன் காதில் விழாத மாதிரி இருந்தான்.

விடை வேண்டியவள் கண் ஒரு பக்கம் சாயும் என்று ருகையாவை ப்ரொஃபசர் வெளியே உட்கார வைத்துவிட்டார். நானும் அவரும் இசக்கியும் தனித்தனியாகப் பார்த்து, எந்த எலித் தலையில் மஞ்சள் மிச்சம் இருக்கிறது என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதினோம். மூன்று பேரும் ஒத்துப்போனால்தான் கணக்கு. ஐந்து கூண்டில் ஒத்துப்போனது. ஆறாவது கூண்டில் பழைய சாயமே தேய்ந்துபோயிருந்தது. எனக்கு ஒன்று மஞ்சளாகத் தெரிந்தது, ப்ரொஃபசருக்கு மற்றது, இசக்கிக்கு இரண்டும்.

ஆறாவது கூண்டு வேண்டாம் என்றார் ப்ரொஃபசர். நான்கு எலி போனால் கணக்குக்கு ஆள் குறையும் என்று ருகையா தயங்கினாள். குறைந்தாலும் பரவாயில்லை, தெரியாததைக் கூட்ட வேண்டாம் என்று முடித்துவிட்டார். மத்தியானத்துக்குள் மற்ற ஐந்து கூண்டுக்கும் மருந்து போனது. நேரம் தவறியதையும் எழுதி வைத்தோம்.

5. சாமியார்

கடைசி நாள் ஈசிஜி எல்லாம் முடிந்தது. மயக்கத்திலேயே எலிகளின் கதையும் முடிந்துவிடும், அதுதான் முறை. அன்றைக்கு இசக்கி லீவு போட்டுவிடுவான், நாங்களும் காரணம் கேட்கமாட்டோம்.

அப்புறம் ப்ரொஃபசர் குப்பிகளின் ரகசியத்தைச் சொன்னார். ஏ, டில்டியாசெம். டி, வெறும் கரைசல். ருகையா தன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பூஜையன்று இரண்டாவது கூண்டில் துடிப்பு நிதானமாக இருந்ததே, அதுதான் ஏ என்று அவள் அடித்துச் சொன்ன எலி. காதில் பேனாப் புள்ளி இருந்த அதன் தலை, சோப்புக் குளியலில் வெள்ளையாகிவிட்டது என்று எங்கள் சீட்டில் இருந்தது. அது டி. ஒரு சொட்டு மருந்து குடிக்காத எலி.

மறுநாள் இசக்கி வந்ததும் கேட்டேன். "அதுவா? அதுக்குச் சாமியார்னு பேரு. எதுக்கும் பதறாது" என்றான்.

"இதை முன்னாலயே சொல்லக் கூடாதாலே?"

"நீங்க கேக்கலியேக்கா."

ருகையா சிரிக்கவில்லை. சாமியாரை டில்டியாசெம் ஆக்கிவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறியிருப்பேனே என்றாள். அந்தத் தாளை நானும் வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன், மெஷினை ஆன் பண்ணியவள் நான்தானே.

6. வைவா

தீசிஸில் இதை எப்படி எழுதுவது என்று ஒரு தகராறு. 'அடையாளக் குறி மங்கியதால் ஒரு கூண்டு நீக்கப்பட்டது' என்று ருகையா நாசூக்காக எழுதிக்கொண்டு வந்தாள். ப்ரொஃபசர் படித்துவிட்டு, "மங்கலியேம்மா, கூடித்தானே போச்சு" என்றார். நடந்ததை நடந்தபடி எழுத வைத்தார், ஆயுத பூஜை, மஞ்சள், சோப்பு எல்லாம் சேர்த்து.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரில் இருந்து ஒரு பேராசிரியர் வந்தார். சிடுசிடுப்பானவர் என்று பெயர். நான் ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். மூன்று மருந்தும் வெறும் கரைசலைவிட நன்றாக வேலை செய்தன, ஆனால் எங்கள் எலிகளில் மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று ருகையா முடித்தாள். இத்தனை கூத்துக்கும் விடை அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டு, மஞ்சள் விஷயம் எழுதிய பக்கத்தைத் திறந்தார்.

துடிப்பை வைத்துப் பிரித்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை என்று கேட்டார். ருகையா சாமியார் கதையைச் சொன்னாள். தான் செய்யப் போனதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்.

"பூஜையில் உங்கள் அட்டெண்டர் பொட்டு மட்டுமா வைத்தார்? சுண்டலும் கொடுத்தாரா?"

ருகையா ப்ரொஃபசரைப் பார்த்தாள். ப்ரொஃபசர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் வடைத் தட்டோடு இசக்கி உள்ளே வந்தான். நானே கேட்டேன், ஏலே, பூஜைக்குப் பிள்ளைகளுக்குச் சுண்டல் போட்டியா என்று.

"போடாம இருப்பனா? எல்லாத்துக்கும் ஒண்ணுபோலத்தான் போட்டேன். ஆளுக்கு நாலு கடலை. கூடக்குறைய வச்சா நமக்குத்தான பாவம்."

வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லா குரூப்புக்கும் ஒரே அளவு என்றால் ஒப்பிடுவதற்கு ஒன்றும் கெடவில்லை, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ருகையா வாசலில் வந்து என் தோளில் சாய்ந்து மறுபடி அழுதாள். அன்று வீட்டுக்குப் போகும்போது மீதி வடையை அவள் பிள்ளைக்கென்று இசக்கி பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

புதிதாக லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். குளறுபடி வராத ஆராய்ச்சி கிடையாது. வந்தால், அதைச் சரிபண்ண முதலில் தோன்றுகிற யோசனை நமக்கு வேண்டிய விடையைத் தருகிற யோசனையா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். இந்த மருந்துகளை நாளைக்கு யாரோ ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுங்கப் போகிறார். அவரிடம் சாமியார் கதையைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆறாவது கூண்டுக்காரர்கள் கணக்கில் இல்லாததால் மயக்க ஊசிக்குப் போகவில்லை. கமிட்டியிடம் கேட்டு, அந்த நான்கையும் அப்படியே வளர்த்தோம். பென்ஷன் எலிகள் என்று பேர். அடுத்த வருஷ பூஜைக்கு இசக்கி கிண்ணத்தோடு வந்து அனிமல் ஹவுஸ் வாசலிலேயே நின்றான். உள்ளே காலை வைக்கவில்லை.

"கூண்டுக்கு மட்டும் வைக்கேன்க்கா. ஆனா இந்த நாலும் எந்தக் கணக்குலயும் இல்லாததுவதான. இதுவளுக்கு மட்டும் தலையில வச்சுக்கிடட்டுமா?"

"வைலே" என்றேன். சுண்டல் ஆளுக்கு நான்குதான் என்றும் சொன்னேன்.